நாலு விரக்கடை

பஞ்சம்மாளுக்குக் கோபம் வந்தால், அது முதலில் தெரிவது காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆட்களுக்குத்தான். கோபத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற ரகம் இல்லை அவள். காலை எட்டு மணி பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்கிற நேரமாகப் பார்த்து வருவாள். பஸ்ஸில் ஏற மாட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். போன வருஷம் பூராவும் அவள் சொன்னது ஒரே ஒரு விஷயம். மலைச்சாமி அவளுடைய திராட்சைப் பந்தலை நாலு விரக்கடை ஏற்றிவிட்டான்.

கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரலையும் ஒட்டி வைத்தால் வருகிற அகலம்தான் நாலு விரக்கடை. மூன்று அங்குலம் இருக்கும். இதற்கா இத்தனை கூப்பாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அவர்கள் ஒருநாள் பந்தலுக்குக் கீழே நின்று, அண்ணாந்து, ஒரு கையில் குலையைத் தாங்கி மறு கையில் கத்தரி பிடித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் குலை வெட்டிப் பார்க்கட்டும். அப்புறம் பேசட்டும்.

அதுவும் பஞ்சம்மாளின் பந்தல் ஏனோதானோ என்று போட்ட பந்தல் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்றரை ஏக்கரில் கல்தூண் நட்டபோது, பந்தல் வேலைக்கு வந்த மலைச்சாமி ஆறரை அடி உயரம் வைக்கலாம் என்றான். அவன் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள், அவனுக்கு நிமிர்ந்து நடக்க வேண்டும். குலை வெட்டப்போவது நீயா நானா என்று கேட்டாள் பஞ்சம்மாள். தோட்டத்து வாசல் தூணில் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றுகொண்டு, உச்சந்தலைக்கு நேராகக் கல்லில் உளியால் ஒரு கோடு போடச் சொன்னாள். கோட்டுக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கம்பி. ஒன்றரை ஏக்கருக்கும் அதுதான் அளவு. அன்றிலிருந்து மலைச்சாமி அந்தத் தோட்டத்துக்குள் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் நடமாடினான்.

அந்தப் பந்தலில்தான் வினை வந்தது. போன வருஷம் அடித்த காற்றில் வாசல் பக்கத்துத் தூண்கள் நாலைந்து சாய்ந்துவிட்டன. பஞ்சம்மாளின் புருஷன் சின்னச்சாமி, மலைச்சாமியைக் கூப்பிட்டு நிமிர்த்தச் சொன்னார். அவனும் தூண்களை நிமிர்த்தி, அடியில் ஜல்லி போட்டு இடித்து இறுக்கி, தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். அடுத்த அறுப்புக்குப் போய் நின்றால் பஞ்சம்மாளுக்குக் கை எட்டவில்லை. எட்டிப் பார்த்தாள், எக்கிப் பார்த்தாள். குலை விரல் நுனியில் பட்டுவிட்டு நழுவியது.

சந்தேகம் வந்து வாசல் தூணுக்குப் போனாள். பழையபடி முதுகை ஒட்டி நின்று, கூட வேலை செய்த பக்கத்து வீட்டுப் பவுனைக் கூப்பிட்டுத் தலைக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கச் சொன்னாள். பவுனு கையை வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே சரியாக நாலு விரல் தாண்டித்தான் கோடு இருந்தது.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளையின் தலை எங்கே போகும்? இருந்த இடத்தில்தான் இருக்கும். அப்படியானால் தூணைத்தான் தூக்கி நட்டிருக்கிறான், கோடும் கூடவே மேலே போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்து நடந்த நெட்டையன், சமயம் பார்த்துத் தன் கழுத்துக்கு வசதி பண்ணிக்கொண்டான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மலைச்சாமி வந்தான். தூண்மேல் கையை வைத்து, கௌமாரியாத்தா மேல் சத்தியமாக ஒரு விரக்கடை கூட ஏற்றவில்லை என்றான். ஆத்தாளை இதில் இழுக்காதே என்று சொல்லி, பஞ்சம்மாள் அவனோடு பேச்சை நிறுத்தினாள். அவனோடுதான் நிறுத்தினாள், ஊரோடு இல்லை. பஸ் ஸ்டாப் பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனது. பக்கத்து ஊரில் இரண்டு தோட்டக்காரர்கள் பந்தல் வேலையைக் கம்பம் டவுன் ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருஷமாக நூல் பிடித்த மாதிரி பந்தல் போட்டவனுக்கு அது நெஞ்சில் தைத்தது. மதினி மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான்.

இந்த மார்கழிக் கடைசியில் அடுத்த கூத்து நடந்தது. எட்டாத குலையை எட்டுவதற்குப் பஞ்சம்மாள் பிளாஸ்டிக் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி வெட்டிக்கொண்டிருந்தாள். இறங்கி, பழம் நிறைந்த இன்னொரு டிரேயைக் குனிந்து தூக்கினாள். நடு முதுகுக்குக் கீழே சடக்கென்று ஏதோ விட்டுக்கொடுத்தது. தூக்கிய டிரேயை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவளுக்கு மூச்சை இழுத்தால்கூட வலித்தது.

பிடிப்பு என்றார்கள். பிடிப்புக்கு அந்தத் தெருவில் வைத்தியம் தூரத்தில் இல்லை. பவுனு காலை முன்னால் நீட்டிப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் இடது காலால் மூன்று தடவை உதைத்தால் எந்த முதுகுப் பிடிப்பும் விட்டுப்போகும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பவுனு எண்பது கிலோ. அவள் காலைத் தூக்கியதும் சுவரில் விழுந்த நிழலைப் பார்த்தே பஞ்சம்மாள் அலறிவிட்டாள். பவுனு பயந்துபோய், பூவை வைக்கிற மாதிரி காலை வைத்து எடுத்துவிட்டாள். அந்தக் கால் அன்றைக்கு முழுசாக இறங்காமல் போனது பஞ்சம்மாள் செய்த புண்ணியம். அது அப்போது யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. புரண்டு படுக்க முடியவில்லை. இருமல் வந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை, கொடுத்த நேரத்துக்கு மட்டும் கேட்டது. வலியைவிட அவளை அதிகம் அரித்தது இன்னொன்று. பந்தல் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு சித்திரை அறுப்பிலும் முதல் குலையைத் தன் கையாலேயே வெட்டி, வாழை இலையில் பொதிந்து, வீரபாண்டித் திருவிழாவுக்குக் கொண்டுபோய் கௌமாரியம்மனுக்கு வைத்துவிட்டு வருவாள். ஒரு வருஷம் தப்பியதில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், முதுகெலும்பு போய்விட்டால் அப்புறம் கட்டில்தான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். இனிமேல் பந்தலுக்குக் கீழே நிற்கவே முடியாதோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. வெளியே மலைச்சாமியைத்தான் திட்டினாள். அவன் பந்தலை ஏற்றாமல் இருந்திருந்தால் தனக்கு இந்தக் கதி வந்திருக்காது என்று சுவரைப் பார்த்துத் திட்டினாள்.

பதிமூன்றாம் நாள் சின்னச்சாமி அவளைத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனுஷன் நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். மீதி அத்தனையும் பேச வீட்டில் ஆள் இருக்கும்போது அவருக்கு என்ன அவசியம்? பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பஞ்சம்மாள் டிரைவரின் பரம்பரையை விசாரித்தாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அபிதாவுக்கு முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். முதுகெலும்பை மேலிருந்து கீழே ஒவ்வொரு முடிச்சாகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் தட்டியதும் பஞ்சம்மாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னாள். குதிகால் ஒட்டியது, முதுகு ஒட்டியது, பின்னந்தலை சுவரில் ஒட்டவில்லை. எவ்வளவு முக்கினாலும் இடையில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. உயரம் அளந்தாள், நூற்றி ஐம்பத்தொன்று. பிறகு இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரிக்கச் சொல்லி, இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனி வரைக்கும் டேப் பிடித்தாள். நூற்றி ஐம்பத்தொன்பது.

முதுகு வலிக்கு வந்தால் கையை அளக்கிறாளே, ஜாக்கெட்டா தைக்கப்போகிறாள் என்று பஞ்சம்மாள் முணுமுணுத்தாள். டாக்டர் சிரித்துவிட்டு, கர்ப்பப்பை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டாள். முப்பத்தாறு வயசில், கருமுட்டைப் பையையும் சேர்த்து. அதற்கப்புறம் எலும்புக்கு என்று ஏதாவது மருந்து சாப்பிட்டதுண்டா? எலும்புக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று பஞ்சம்மாள் திருப்பிக் கேட்டாள். சம்பந்தம் இருக்கிறதாம். அந்தக் கருமுட்டைப் பைதான் அதுநாள் வரைக்கும் எலும்புக்குக் காவல் இருந்ததாம். வீட்டுக்குத் தூரமாகிறது நின்ற நாளிலிருந்து எலும்பு உள்ளுக்குள்ளே கரைய ஆரம்பிக்கும், அவளுக்கு அது ரொம்பச் சின்ன வயசிலேயே ஆரம்பித்துவிட்டது என்றாள் டாக்டர்.

எக்ஸ்ரே வந்தது. விளக்குப் பெட்டியில் மாட்டி, பக்கவாட்டில் தெரிந்த முதுகெலும்பை டாக்டர் பேனா நுனியால் காட்டினாள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சதுரமாக அடுக்கியிருக்க வேண்டியவை. மூன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி, மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி இருந்தன. ஒன்று இப்போது டிரே தூக்கியபோது நசுங்கியது. மற்ற இரண்டும் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே, அவளுக்கே தெரியாமல் நசுங்கித் தானாகக் கூடிப்போனவை. நடுவில் எப்போதாவது முதுகு வலித்ததா? வலித்தது, மருந்துக் கடை மாத்திரை போட்டாள், போய்விட்டது. வலிதான் போயிற்று, எலும்பு நசுங்கியபடியேதான் நின்றிருக்கிறது. இந்த முதுகில் யாராவது ஏறி மிதித்திருந்தால் இன்னும் இரண்டு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, பஞ்சம்மாளுக்குப் பவுனின் கால் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போதும் அவள் விடவில்லை. எல்லாத்துக்கும் காரணம் பந்தலை ஏற்றினவன்தான் என்றாள். எந்தப் பந்தல் என்று டாக்டர் கேட்டாள். அதுவரை மூலையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னச்சாமி முன்னால் வந்தார். தூண், உளிக்கோடு, காற்று, நாலு விரக்கடை, மலைச்சாமி செய்த சத்தியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசி பஞ்சம்மாள் கேட்டதே இல்லை. வலியையும் மறந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பந்தல் ஏறலைம்மா. நீங்கதான் இறங்கியிருக்கீங்க."

மனுஷருக்கு விரித்த கையின் நீளமும் நிற்கிற உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று டாக்டர் விளக்கினாள். முதுகெலும்பு நசுங்கினால் உயரம் குறையும், கை குறையாது. கை நூற்றி ஐம்பத்தொன்பது, ஆள் நூற்றி ஐம்பத்தொன்று. எட்டு சென்டிமீட்டர் போயிருக்கிறது. அது எத்தனை விரக்கடை வரும் என்று சின்னச்சாமி கேட்டார். டாக்டர் தன் விரல்களைச் சேர்த்து ஸ்கேல்மேல் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் குண்டான விரலாக இருந்தால் நாலு என்றாள்.

பஞ்சம்மாளா ஒத்துக்கொள்கிறவள்! கையளவு யாருக்கு வேண்டும், தூணை அளந்து பார்க்கட்டும் என்றாள். தூணுக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்? சின்னச்சாமி யோசிக்காமல் மலைச்சாமிக்குப் போன் போட்டார். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், தரையிலிருந்து உளிக்கோடு வரைக்கும் டேப் பிடித்து, கால் மணி நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டான். ஐந்தடி இரண்டரை அங்குலம். டாக்டர் செல்போனில் கணக்குப் போட்டுத் திருப்பிக் காட்டினாள். நூற்றி ஐம்பத்தொன்பதுக்கு ஒரு நூலிழை குறைவு. தூண் இருபத்திரண்டு வருஷமாக நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது.

எதற்கு அளக்கச் சொன்னீர்கள் என்று அப்போதுதான் மலைச்சாமி கேட்டான். சின்னச்சாமி சொன்னார். சிரிப்பான், இல்லாவிட்டால் நாலு வார்த்தை கேட்பான் என்று பஞ்சம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினிய நல்லாப் பாக்கச் சொல்லுங்கண்ணே. வேற எதுவும் இப்ப வேணாம்" என்று வைத்துவிட்டான்.

அதைக் கேட்டதும் பஞ்சம்மாள் எக்ஸ்ரேயை இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். ஆபரேஷனா, கட்டிலா, எது? இரண்டும் இல்லை என்றாள் டாக்டர். நசுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் வைக்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறது, அது எல்லாருக்கும் தேவைப்படாது, இவளுக்கு நரம்பில் அழுத்தம் இல்லாததால் இப்போதைக்கு வேண்டாம். ஆறேழு வாரம் பெல்ட், வலிக்கு அளவோடு மாத்திரை, அப்புறம் எலும்பைக் கெட்டிப்படுத்த வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ். போன உயரம் திரும்ப வராது. இனிமேல் ஒரு விரக்கடைகூடப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

"சித்திரைக்கு நான் பந்தலுக்குக் கீழ நிக்கணும் தாயி. எங்கையால ஒரு குலை வெட்டணும். ஆகுமா, ஆகாதா? அத மட்டும் சொல்லு."

நின்று வெட்டலாம் என்றாள் டாக்டர். நிமிர்ந்து கையைத் தூக்கி வேலை செய்வது முதுகுக்கு நல்லதுதான், குனிந்து டிரே தூக்குவதுதான் ஆகாது. ஆனால் சொன்னபடி கேட்க வேண்டும். சொன்னபடி கேட்பது பஞ்சம்மாளுக்குப் பழக்கமில்லாத விஷயம். சரி என்று தலையை ஆட்டினாள்.

ஊரில் பஸ் நின்றபோது மலைச்சாமி ஆட்டோவோடு காத்திருந்தான். வைத்திய விவரத்தைச் சின்னச்சாமியிடம் மறுபடி போனில் கேட்டுவிட்டு, அவள் வீடு வரை நடக்கக் கூடாது என்று அவனாகவே யோசித்துக் கொண்டுவந்திருந்தான். பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் இருந்தார்கள், அவள் ஒரு வருஷம் யாரிடமெல்லாம் சொன்னாளோ அத்தனை பேரும். தப்பு என்மேல்தான் என்று சொல்ல அதைவிட நல்ல இடமும் நேரமும் கிடையாது. மைக் இல்லாமலே ஊரைக் கூட்டுகிறவளுக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை.

"ஆட்டோக்காரன பாத்து ஓட்டச் சொல்லு. குழியில விட்டுறப் போறான்" என்றாள்.

ஒரு வருஷத்துக்கப்புறம் அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு அது. மலைச்சாமியின் முகம் பூத்துவிட்டது.

"சிமெண்ட் வைக்கணுமின்னு டாக்டரம்மா சொன்னாகளாமே. வேணுமின்னா சொல்லுங்க மதினி, வீட்ல அரை மூட கெடக்கு, நானே கலக்கித் தாரேன்."

பஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலித்தது. வலிக்கிறவளைச் சிரிக்க வைக்கிறாயா என்று அவனைத் திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். திட்டு வாங்கியதில் அவனுக்கு அப்படி ஒரு நிம்மதி.

தையும் மாசியும் வைத்தியத்தில் போயின. எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்கிற ஸ்கேனுக்கு மதுரைக்குப் போனார்கள். மைனஸ் மூன்று புள்ளி இரண்டு என்று வந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் பெயிலானபோதுகூட ஜீரோவுக்குக் கீழே மார்க் போடவில்லையே என்றாள் பஞ்சம்மாள். ரத்தத்தில் வெயில் சத்து இல்லை என்று இன்னொரு ரிப்போர்ட் வந்தது. அதற்குத்தான் அவள் ரொம்பச் சண்டை பிடித்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தோட்டத்தில் கிடக்கிறவளுக்கா வெயில் இல்லை? பந்தலுக்குக் கீழே வெயில் ஏது என்று டாக்டர் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. தலையில் துண்டு, மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேலே இலைக்கூரை. இருபத்திரண்டு வருஷமாக நிழலிலேயே நின்றிருக்கிறாள்.

அந்தச் சத்து ஏறின பிறகு டிரிப்ஸ் போட்டார்கள். ஒருநாள் காய்ச்சல் அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், சொன்னபடி அடித்தது, போனது. கயல் என்ற பிசியோதெரபிப் பெண், படுக்கையிலிருந்து எழுந்தால் மரக்கட்டை மாதிரி ஒரே பக்கமாக உருண்டு எழ வேண்டும் என்று பழக்கினாள். கீழே கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொல்லிக் கொடுத்தாள். தினமும் சுவரோடு நின்று பின்னந்தலையைச் சுவரில் ஒட்ட முயற்சி பண்ண வேண்டும். முதல் வாரம் தலைக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் போனது. பங்குனியில் இரண்டு விரல்தான் போனது. பவுனு தினமும் வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். மிதிக்கிற வைத்தியத்தை அவள் தலை முழுகிவிட்டாள். முதுகு வலி என்று யார் வந்தாலும் கையை விரிக்கச் சொல்லி அளக்க ஆரம்பித்தாள். அப்படி அளந்ததில் கை நீளத்தைவிட உயரம் குறைந்திருந்த இரண்டு பேரைத் தேனிக்கே அனுப்பிவைத்தாள்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. ஒன்று மட்டும் பஞ்சம்மாளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எலும்பு கெட்டிப்படும், வலி போகும், உயரம் வராது. அப்படியானால் சித்திரையில் போய் நின்றாலும் குலை எட்டாது. டிரேமேல் ஏறக் கூடாது என்று கயல் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆத்தாளுக்கு வைக்கிற குலையை வேறு யாரோ வெட்டி அவள் கையில் கொடுக்க வேண்டும். நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

வீரபாண்டித் திருவிழா தொடங்கிய அன்று காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனார்கள். மேல்தோலில் பனி படிந்த மாதிரி பூத்த கருநீலக் குலைகள் பந்தல் முழுக்கத் தொங்கின, பன்னீர்த் திராட்சை வாசனை வாசலிலேயே வந்து இழுத்தது. நாலு மாசத்துக்கப்புறம் பஞ்சம்மாள் பந்தலுக்குக் கீழே போனாள். வாசல் வரிசையில், எப்போதும் முதல் குலை வெட்டுகிற கொடிக்கு அடியில் நின்றாள். எட்டாது என்று தெரிந்தேதான் கையைத் தூக்கினாள்.

குலை கைக்குள் வந்து உட்கார்ந்தது. காம்பு கண்ணுக்கு முன்னால் இருந்தது. எக்கவில்லை, எட்டிப் பிடிக்கவில்லை, பழைய நாளில் நின்ற மாதிரியே நின்றாள்.

கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வாசல் தூணுக்குப் போய் முதுகை ஒட்டி நின்று, பவுனைக் கூப்பிட்டாள். பவுனு விரலை வைத்துப் பார்த்தாள். நாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னும் போகவில்லை என்பதில் சந்தோஷம்தான், டாக்டர் கேட்டது அதைத்தான். ஆனால் வளரவில்லையே. அப்புறம் குலை எப்படி எட்டியது?

திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தாள். அந்த ஒரு வரிசையில் மட்டும், கம்பியைத் தூணோடு கட்டியிருந்த முறுக்கு புதுசாக மின்னியது. யாரோ முறுக்கைப் பிரித்துத் தளர்த்தி மறுபடி முறுக்கியிருக்கிறார்கள். பழத்தின் பாரத்தில் கம்பி தொய்ந்து, வரிசை முழுக்கக் கீழே இறங்கியிருந்தது. வரிசையின் அந்தக் கடைசியில் மலைச்சாமி, கழுத்தை முன்னைவிட அதிகமாக மடக்கிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி நின்றான்.

"ஏலே மலைச்சாமி, பந்தலத் தொட்டியா?"

"கௌமாரியாத்தா மேல..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பொய்ச் சத்தியம் பண்ண அவனுக்கு வரவில்லை. "சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் மதினி. நான் தொடல. நீங்க வளந்துட்டீக."

பஞ்சம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிஜத்தைச் சத்தியம் பண்ணிச் சொன்னபோது நம்பாமல் ஒரு வருஷம் ஊரெல்லாம் அவன் மானத்தை வாங்கினாள். இப்போது அவன் சொல்கிற பொய் அவளுக்கு அவ்வளவு இனித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்கி, முதல் குலையைத் தன் கையாலேயே வெட்டினாள்.

எட்டு மணி பஸ்ஸுக்கு அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகப் பஸ் ஸ்டாப் நிறைந்திருந்தது. பஞ்சம்மாள் நடுவில் போய் நின்றாள். கூட்டம் தானாக அமைதியானது, அந்தக் குரலுக்குத்தான் எல்லாரும் பழக்கப்பட்டிருந்தார்களே.

"எல்லாரும் இங்கன கேளுங்க. மலைச்சாமி எம்பந்தல ஏத்திட்டான்னு ஒரு வருசமா சொன்னேன்ல? அவன் ஏத்தல. எம்முதுகெலும்பு மூணு நசுங்கி நான்தான் இறங்கிப்போனேன். தப்பு எம்மேல. அவன் போட்ட பந்தல் இந்த இருபத்திரண்டு வருசத்துல ஒரு விரக்கடை ஏறுனதும் இல்ல, இறங்குனதும் இல்ல."

இறங்கினதும் இல்லை என்று அவள் அழுத்திச் சொன்னபோது, கூட்டத்தின் பின்னால் எல்லார் தலைக்கும் மேலே தெரிந்த மலைச்சாமியின் தலை சட்டென்று குனிந்தது. பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் அவன் தோளில் கை போட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பவுனு ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பஸ் வந்தது. பழக்கூடையைத் தொடக் கூடாது என்று சொல்லி மலைச்சாமி தூக்கிக்கொண்டான். இலையில் பொதிந்த முதல் குலையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பஞ்சம்மாள் நிமிர்ந்து படியில் கால் வைத்தாள். பின்னால் வந்த சின்னச்சாமி, அன்றைய பத்து வார்த்தையில் கொஞ்சத்தைச் செலவழித்தார்.

"தல இடிச்சிரப் போவுது. பாத்து ஏறு."